முகத்தில் எதை விடுவது? ஸ்க்ரீன் பிரிண்ட் உருவப்படம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பாதி நிஜம், பாதி அரூபம் என்று இருக்கும் ஒரு முகத்தை, ஐந்து வண்ணத்தில், ஏ2 அளவுத் தாளில், கையாலேயே ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டு முடிப்பது எப்படி என்று பார்க்கப்போகிறோம். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அச்சாகிற அதே ஃபிரேம் (மெஷ் என்னும் நுண்ணிய வலைத் துணி இழுத்துக் கட்டிய சட்டம், இதுதான் ஸ்க்ரீன்), அதே ஸ்க்வீஜி (மையை அந்த வலை வழியாகத் தாளுக்குத் தள்ளும் ரப்பர் பட்டை) போதும். மெஷின் வேண்டாம். சென்னையில் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊர் காற்றின் ஈரம் நம் வேலையில் நிறையத் தலையிடும்.

இந்த வகைப் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அச்சு மேஜைக்கு வருவதற்கு முன்பே. எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர் கான்வாஸ் முன் நின்றுகொண்டே, இந்தக் கன்னத்தை அப்படியே வரையலாமா, கலைத்துவிடலாமா என்று நாள் கணக்கில் யோசிக்கலாம். ஸ்க்ரீனில் அது நடக்காது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்க்ரீன் என்பதால், முகத்தில் எது நிஜமாக நிற்கும், எது கரையும் என்பதை மை தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைத் தள்ளிப்போட்டால் கிடைப்பது, புகைப்படத்துக்கு மேலே வண்ணம் சிந்தியது போன்ற ஒரு படம். சமூக ஊடகங்களில் அந்த மாதிரி ஏகப்பட்டது பார்த்திருப்பீர்கள்.

இரண்டு முன்னோடிகளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். 1962-ல் மர்லின் மன்றோ இறந்த பிறகு, ஆண்டி வார்ஹால் அவருடைய பழைய விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்து, அடியில் தட்டையான வண்ணப் பட்டைகள், மேலே புகைப்படத்தின் கறுப்பு மட்டும் என்று ஸ்க்ரீன் போட்டார். உதட்டுச் சிவப்பும் கண்மை நீலமும் கறுப்போடு சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் விலகி நிற்கும். முகம் முகமூடியாக மாறுவது அந்த விலகலில்தான். இன்னொருவர் நம் ஊர்க்காரர், கே.எம். ஆதிமூலம். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் கோடு எங்கே அடர்கிறது, எங்கே அப்படியே விட்டுவிடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பின்னாளில் முழு அரூப வண்ண ஓவியங்களுக்குப் போனவர் அவர். அந்தப் பயணத்தின் விதை காந்தியின் முகத்தில் அவர் வரையாமல் விட்ட இடங்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

யாரை, எந்த வெளிச்சத்தில்

பிரபலங்களின் படத்தை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். காப்புரிமை ஒரு காரணம். அதைவிட முக்கியம், அந்தப் படத்தில் வெளிச்சத்தை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். தெரிந்த ஒருவரைக் கேட்டு, எதற்காக என்று சொல்லி, நீங்களே எடுங்கள். இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அண்ணனை வைத்துக்கொள்கிறேன். "ஷேவ் கூடப் பண்ணல சார், நாளைக்கு எடுத்துக்கலாமா?" என்றார். அந்தத் தாடிதான் வேண்டும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வராந்தாவில் உட்காரவைத்தால் ஒரு பக்கம் நன்றாக ஒளி விழும், மறுபக்கம் நிழலுக்குப் போகும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்கவே வேண்டாம், முகம் தட்டையாகிவிடும். போனில் எடுப்பவர்கள் அழகுபடுத்தும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை தோலை வழவழப்பாக்கி, நமக்குத் தேவையான மடிப்பையும் சுருக்கத்தையும் அழித்துவிடும்.

நம் தோல் நிறத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஸ்க்ரீன் பிரிண்ட் பாடங்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளைத் தாளில் கறுப்பு நிழல் என்ற கணக்கில் போகின்றன. வெளுத்த முகத்துக்கு அது சரிப்படும். கறுத்த முகத்தை அப்படிப் பிரித்தால் கண்ணும் மூக்கும் ஒரே கறுப்புத் திட்டில் மூழ்கிவிடும். சரிசெய்கிறேன் என்று பிரகாசத்தை ஏற்றினால், ஆளே மாறி வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு ஒளியும் சொல்கிறது. நெற்றி மேட்டில், மூக்குத் தண்டில், கன்ன எலும்பில், கீழ் உதட்டில் விழும் மினுமினுப்பைத்தான் சொல்கிறேன். அதனால் நாம் வெள்ளையிலிருந்து தொடங்கப் போவதில்லை. முதலில் நடுத்தரப் பழுப்பில் ஒரு தளம். அதற்கு மேலே நிழலுக்கு ஒரு ஸ்க்ரீன், ஒளிக்கு ஒரு ஸ்க்ரீன். தோலின் நிறம் தளத்திலேயே இருக்கிறது. நிழலும் ஒளியும் அதைச் செதுக்குகின்றன. இந்த ஒரு மாற்றத்திலேயே படம் பாதி தேறிவிடும்.

முகத்தைப் பிரிப்பது

புகைப்படத்தைக் கணினியில் திறந்து கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஃபோட்டோஷாப் இருந்தால் சரி, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும். இப்போது சாதாரணப் பேப்பரில் ஒரு பிரிண்ட் எடுத்து, அதன் மேல் பென்சிலால் மூன்று வகை இடங்களைக் குறியுங்கள்.

முதல் வகை, எக்காரணம் கொண்டும் கைவைக்கக் கூடாத இடங்கள். ஆளை அடையாளம் காட்டுபவை இவைதான்: இரண்டு கண் அல்லது ஒரு கண், புருவம், மூக்குக்கு அடியில் இருக்கும் நிழல், உதடுகள் சேரும் கோடு. இதோடு அந்த ஆளுக்கே உரிய ஒன்று எப்போதும் இருக்கும். இஸ்திரி அண்ணனுக்கு அது இடது புருவத்துக்கு நடுவே ஓடும் பழைய தழும்பு. இரண்டாவது வகை, கரைக்கக்கூடிய இடங்கள்: கன்னம், தாடை ஓரம், கழுத்து, சட்டை. மூன்றாவது வகை, மொத்தமாக விட்டுவிடக்கூடியவை: காது, தலைமுடியின் வெளி விளிம்பு, பின்னணி.

தலையின் வெளிக்கோட்டை விட்டுவிடத் தயங்காதீர்கள். பலர் முகத்தைக் கத்தரித்தது போல் சுற்றிலும் ஒரு விளிம்பு வைக்கிறார்கள். அப்படிச் செய்த உடனேயே முகம் தனி, பின்னணி தனி என்று பிரிந்துவிடும். அப்புறம் அரூபம் வெறும் வால்பேப்பர் ஆகிவிடும். பழுப்புத் தளத்தைத் தலை வடிவில் வெட்டாமல் ஒரு பெரிய செவ்வகமாக வைத்தால் முகமும் வெளியும் ஒரே பரப்பாக இருக்கும். வெளிச்சம் படாத பக்கத்தில் முகம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பார்ப்பவரின் கண் அதைத் தானாக முடித்துக்கொள்ளும்.

ஒரு எளிய சோதனை. குறித்த முதல் வகை இடங்களை மட்டும் டிரேசிங் பேப்பரில் கறுப்பாக எடுத்து, அந்த ஆளைத் தெரிந்த ஒருவரிடம் நீட்டுங்கள். யார் என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் தைரியமாகக் கலைக்கலாம். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் ஒரு நிழல் சேருங்கள், பெரும்பாலும் கண்குழி நிழல்தான் குறைந்திருக்கும்.

அரூபம் எங்கிருந்து வரும்

சும்மா வண்ணத் தெறிப்பு போடுவது எனக்குப் பிடிக்காது. அரூப வடிவம் அந்த ஆளிடமிருந்தே வந்தால் படம் பேசும். அண்ணன் கட்டியிருந்தது கட்டம் போட்ட கைலி. மெட்ராஸ் செக் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய துணி வகைக்கு உறவுக்காரத் துணி. 1950, 60-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் துணி மோகமாக இருந்தபோது, ஒவ்வொரு துவைப்புக்கும் சாயம் ஒழுகிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்குவதையே சிறப்பு என்று சொல்லி விற்றார்கள்.

நமக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. சிவப்புப் பாவும் நீல ஊடும் குறுக்கே சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் தெரிகிறது. ஸ்க்ரீனில் கண்ணாடி போன்ற மையால் ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டாலும் அதேதான் நடக்கும். ஆகவே இரண்டு ஸ்க்ரீன்: ஒன்றில் செங்குத்துச் சிவப்புப் பட்டைகள், மற்றதில் கிடைமட்ட அவுரி நீலப் பட்டைகள். தோளிலிருந்து ஏறி, நிழல் பக்கக் கன்னத்தைக் கடந்து, நெற்றிப்பொட்டில் தேய்ந்து மறையும்படி வைக்கிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் பட்டை வரக்கூடாது. தாடைக்கு மேல் வரலாம்.

உங்கள் ஆள் மீன் விற்பவராக இருந்தால் வலையின் முடிச்சு, ஆட்டோ ஓட்டுநராக இருந்தால் கண்ணாடி வைப்பர் வழித்த வளைவு. தேடினால் கிடைக்கும். கோலத்தை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம், பாவம், அதை எல்லோரும் போட்டாகிவிட்டது.

பாசிட்டிவ் தயாரிப்பு

ஐந்து ஸ்க்ரீனுக்கு ஐந்து பாசிட்டிவ், அதாவது அச்சாக வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக இருக்கும், ஒளி ஊடுருவும் ஃபிலிம். அச்சிடும் வரிசையும் இதுதான்: பழுப்புத் தளம், சிவப்புப் பட்டை, நீலப் பட்டை, நிழல், ஒளி. முதல்முறை செய்கிறவர்கள் பட்டைகளை விட்டுவிட்டு தளம், நிழல், ஒளி என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புகைப்படம் உள்ளே வருவது நிழல் பாசிட்டிவில் மட்டும்தான். அதை ஹாஃப்டோன் புள்ளிகளாக, அதாவது சாம்பல் தொனிகளுக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக, மாற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேலிலிருந்து பிட்மேப்புக்குப் போய் ஹாஃப்டோன் ஸ்க்ரீன் தேர்ந்தெடுங்கள். கிம்ப்பில் நியூஸ்பிரிண்ட் ஃபில்டர். கோணம் 22.5 டிகிரி. நேர் கோணத்திலோ 45-லோ வைத்தால் மெஷ் இழைகளோடு சண்டை போட்டு, மாரே என்கிற அலை அலையான கோடுகள் தோன்ற வாய்ப்பு அதிகம்.

புள்ளி எவ்வளவு நுணுக்கமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழையோ, அதை ஐந்தால் வகுங்கள். 120 மெஷ் என்றால் சென்டிமீட்டருக்கு 120 இழை, அங்குலத்துக்குச் சுமார் 305. ஐந்தால் வகுத்தால் 61. கையால் அச்சிடும்போது அந்த எல்லை வரை போகாமல் 45 வரியில், அதாவது அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளிகளில், நிறுத்துங்கள். கடையில் மெஷ் எண்ணைச் சொல்லும்போது சென்டிமீட்டர் கணக்கா அங்குலக் கணக்கா என்று கேட்டுக்கொள்வது அவசியம், இரண்டும் புழங்குகிறது.

முழு முகத்துக்கும் ஒரே புள்ளி அளவு வைக்காமல், கண், மூக்கு, உதட்டுக்கு 45 வரி, கன்னத்துக்கும் கழுத்துக்கும் 15 வரி என்று இரண்டு விதமாகச் செய்து, கணினியிலேயே ஒட்டிவிடுங்கள். இந்தப் படத்துக்கு உயிர் கொடுப்பது இதுதான். நன்றாகத் தள்ளி நின்றால் முழு முகமும் புகைப்படமாகத் தெரியும். கிட்டே வரவர, கன்னம் வட்ட வட்டப் புள்ளிகளாக உடையும், கண் மட்டும் உடையாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேரும் இடத்தைக் கோடு போட்டதுபோல் நேராக வெட்டாதீர்கள். நிழலின் விளிம்பையே எல்லையாக வைத்தால் ஒட்டு தெரியாது.

அச்சில் புள்ளி எப்போதும் கொஞ்சம் பெருத்துவிடும். அதனால் ஹாஃப்டோன் ஆக்குவதற்கு முன் நடுத்தர நிழல்களைச் சற்று வெளுப்பாக்குங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் புள்ளிகள் ஸ்க்ரீனில் நிற்காமல் போகலாம், 85-க்கு மேலே இருப்பவை அடைத்துக்கொண்டு முழுக் கறுப்பாகலாம். தொனிகளை இந்த இரண்டுக்கும் நடுவே வைத்துக்கொள்வது நல்லது.

தளத்துக்கு வெறும் செவ்வகம். பட்டைகளையும் ஒளியையும் கணினியில் செய்யாமல் கையால் செய்யச் சொல்வேன். பனி படர்ந்தது போன்ற டிராஃப்டிங் ஃபிலிமைப் புகைப்படப் பிரிண்டின் மேல் ஒட்டி, அடர்த்தியான இண்டியன் இங்க்கால் வரையுங்கள். பட்டைக்கு, காய்ந்த அகலத் தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்தால் ஓரத்தில் நூல் பிரிந்தது போல் வரும். ஒளிக்கு மெழுகு கிரேயான் நன்றாக இருக்கும். ஒளி பாசிட்டிவில் குறைவாகத்தான் இருக்க வேண்டும்: மூக்குத் தண்டில் ஒரு கோடு, கண்ணில் ஒரு புள்ளி, நெற்றியில் நாலைந்து கீறல், நரைத் தாடிக்குச் சில பொட்டுகள். வரைந்ததை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அங்கே இன்னொரு பூச்சு தேவை.

நிழல் பாசிட்டிவை லேசரில் பட்டர் பேப்பரில் எடுப்பது மலிவு, ஆனால் சூட்டில் பேப்பர் சுருங்கி அளவு மாறும். ஏ2 அளவுக்கு இங்க்ஜெட் ஃபிலிம் நல்லது. ஐந்து பாசிட்டிவிலும் ஒரே இடத்தில் பொருத்தக் குறிகள் வைக்க மறக்காதீர்கள்.

ஸ்க்ரீனும் எமல்ஷனும்

தளத்துக்கும் பட்டைகளுக்கும் சென்டிமீட்டருக்கு 77 இழை, ஒளிக்கு 90, நிழலுக்கு 120. ஃபிரேமின் உள் அளவு படத்தைவிட நாலு பக்கமும் 10 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகத் தெருக்களில் விசாரித்தால் ஃபிரேமில் மெஷ் இழுத்துத் தருபவர்கள் கிடைப்பார்கள். "அண்ணே, டாட் வேலை இருக்கு, நல்லா டைட்டா இழுத்துக் குடுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பாசிட்டிவைக் கொடுத்தால் எக்ஸ்போஸும், அதாவது எமல்ஷன் பூசிய ஸ்க்ரீனில் பாசிட்டிவ் வழியாக ஒளி காட்டிப் படத்தை ஏற்றுவதும், செய்து தருகிறவர்கள் உண்டு. முதல் நிழல் ஸ்க்ரீனை அப்படிக் கொடுத்துச் செய்துகொள்வதில் தப்பே இல்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அச்சோவியக் கூடம் இருக்கிறது. தீவிரமாக இறங்க நினைப்பவர்கள் அங்கே போய் அனுமதி பற்றிக் கேளுங்கள்.

எமல்ஷன் என்பது ஒளி பட்டால் இறுகி மெஷ்ஷை அடைக்கும் பூச்சு, ஒளி படாத இடம் தண்ணீரில் கழுவிப் போய்த் திறக்கும். வாங்கும்போது டயசோ வகை என்று கேட்டு வாங்குங்கள். பைக்ரோமேட் உப்பைக் கரைத்துச் சேர்க்கும் பழைய முறை மலிவாக இருக்கிறது என்று இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் வேறு. வீட்டில் செய்யும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

புது மெஷ்ஷில் எண்ணெய்ப் பசை இருக்கும், பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், எமல்ஷன் தொட்டியால் தாள் படும் பக்கம் ஒரு பூச்சு, பிறகு ஸ்க்வீஜி ஓடும் பக்கம் ஒரு பூச்சு. தாள் படும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கைவாட்டில், இருட்டில், காற்றாடிக்கு அடியில் காயட்டும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தக் காயவைப்பில்தான் பலருக்கு வேலை கெடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஈரம் நின்ற எமல்ஷன் ஒளியில் சரியாக இறுகாது. கழுவும்போது கண்கள் இருக்கும் இடம் முதலில் உரிந்து போகும். ஏசி உள்ள அறையில் டிரை மோடில் வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுவது பாதுகாப்பு.

எக்ஸ்போஸ்

அடியிலிருந்து மேலாக இப்படி அடுக்குங்கள்: ஃபிரேமின் உட்புறத்தை நிரப்பும் அளவுக்கு ஃபோம் கட்டை, அதன் மேல் கறுப்புத் துணி, தாள் படும் பக்கம் மேலே பார்க்கும்படி ஸ்க்ரீன், பாசிட்டிவ், கனமான கண்ணாடி. பாசிட்டிவின் மைப் பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும், மேலிருந்து பார்த்தால் படம் கண்ணாடி பிம்பமாகத் தெரிய வேண்டும். இதை மாற்றி வைத்தால் தழும்பு வலது புருவத்துக்குப் போய்விடும்.

யூவி டியூப் பெட்டி இருந்தால் சீராக வரும். இல்லாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. சென்னை வெயில் இலவசம், ஆனால் சமமானது அல்ல. மே மாத நடுப்பகலும் டிசம்பர் மேகமும் ஒன்றில்லை. எனவே எத்தனை நொடி என்று யார் சொன்னாலும் நம்பாமல் சோதனை செய்யுங்கள். ஒரு சின்ன ஸ்க்ரீனில், ஹாஃப்டோன் துண்டு ஒன்றை வைத்து, அட்டையால் மூடி, 20 நொடிக்கு ஒருமுறை அட்டையை ஒரு பட்டை நகர்த்துங்கள். கழுவிப் பார்த்தால் தெரியும்: வழவழவென்று வழிந்து உள்பக்கம் பிசுபிசுப்பாக இருக்கும் பட்டைக்கு நேரம் போதவில்லை, சின்னப் புள்ளிகள் திறக்கவே மறுக்கும் பட்டைக்கு நேரம் அதிகம். புள்ளிகள் திறந்து, எமல்ஷனும் கெட்டியாக நிற்கும் பட்டையின் நேரம்தான் உங்களுடையது. அதே நாள், அதே மணிக்குள் மற்ற ஸ்க்ரீன்களையும் முடித்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் தண்ணீர் நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய தெளிப்பால் கழுவுங்கள். அவசரப்பட்டுப் பீய்ச்ச வேண்டாம். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு படிந்தால் நுண்ணிய புள்ளிகள் அடைபடும். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித் துளைகளை எமல்ஷனாலேயே தொட்டு அடையுங்கள்.

தாளும் மையும்

ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்குபவர்கள் பளபளப்பான ஆர்ட் கார்டைத் தவிர்க்க வேண்டும், தண்ணீர் மை அதில் பிடிக்காது. சோதனை அச்சுக்குச் சாதாரண ஐவரி போதும். உண்மையான பிரதிகளுக்கு 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். புதுச்சேரியில் செய்யும் கைத்தாள்கள் அழகானவை, ஆனால் சொரசொரப்பு குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள். மேடு பள்ளம் அதிகமான தாளில் 45 வரிப் புள்ளிகள் பாதி விழாது.

ஈரத்தில் தாள் விரியும். அதுவும் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே கூடுதலாக. மழை நாளில் நிழலை அச்சிட்டுவிட்டு, வெயில் நாளில் ஒளியை அச்சிட்டால் கண்ணின் ஒளிப்புள்ளி கருவிழியை விட்டு நகர்ந்துவிடும். தாள்களை ஒரு நாள் முன்பே அச்சிடும் அறையில் கொடியில் தொங்கவிட்டுப் பழக்குங்கள். 15 பிரதி வேண்டுமென்றால் 22 தாளில் தொடங்குங்கள்.

மைக்கு, அக்ரிலிக் வண்ணத்தில் பாதிக்குப் பாதி ஸ்க்ரீன் பிரிண்டிங் மீடியம் (நிறமில்லாத கலவைப் பசை) கலந்தால் தளத்துக்குப் போதும். காவி, பழுப்பு, ஒரு துளி பச்சை சேர்த்துப் பாருங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் ஒரே வழி, டப்பாவில் "ஸ்கின்" என்று எழுதியிருக்கும் ரோஜா நிறத்தைத் தொடவே வேண்டாம். பட்டைகளுக்கு மீடியம் ஒன்பது பங்கு, வண்ணம் ஒரு பங்கு. கிண்ணத்தில் அடர்த்தியாகத் தெரியும், தாளில் கண்ணாடியாக விழும். நிழலுக்குக் கறுப்பு வாங்காதீர்கள். பிரஷ்யன் நீலமும் எரிந்த அம்பரும் கலந்தால் கறுப்பைவிட ஆழமான ஒரு இருட்டு கிடைக்கும், பட்டைகளின் நீலத்தோடும் ஒட்டிப் போகும். ஒளிக்கு வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள், மீடியம் குறைவாக, நன்றாக மறைக்கும்படி.

பிவிசி மையில் செய்பவர்கள் உண்டு. நிறம் கெட்டி, ஸ்க்ரீனில் அடைப்பும் குறைவு. ஆனால் தின்னர் நெடி மூடிய பிளாட்டுக்குள் தாங்காது.

அச்சிடுவது

மேஜையில் கீல் கிளாம்ப் போட்டு ஃபிரேமை மாட்டுங்கள். ஸ்க்ரீனுக்கும் தாளுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஃபிரேமின் மூலைகளுக்கு அடியில் அட்டைத் துண்டுகள் ஒட்டினால் ஆயிற்று. ஒட்டிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரீன் புள்ளிகளை இழுகவிடும்.

பொருத்துவதற்கு எளிய வழி: மேஜையில் ஒரு ஓரமாக மெல்லிய பிளாஸ்டிக் தாளை டேப்பால் கீல் போல ஒட்டி, அதன் மேல் முதலில் அச்சிடுங்கள். பிறகு தளம் அச்சிட்ட தாளை அதற்கு அடியில் நகர்த்திச் சரியாக வைத்து, தாளின் மூன்று இடங்களில் அட்டைத் தடுப்புகள் ஒட்டிவிடுங்கள்: நீளப் பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். எல்லா வண்ணத்திலும் தாளின் அதே இரண்டு ஓரங்கள் தடுப்பில் முட்டட்டும்.

தளத்துக்குக் கொஞ்சம் மென்மையான ஸ்க்வீஜி, நிழலுக்கு 70 அல்லது 75 கடினத்தில் விளிம்பு கூர்மையானது. 60 டிகிரி சாய்வில், ஒரே வேகத்தில், நிற்காமல் இழுங்கள். அழுத்தம் கையிலிருந்து வராமல் உடம்பு எடையிலிருந்து வரட்டும். இழுத்து முடித்ததும் ஸ்க்ரீனைத் தூக்கி, மையை லேசாகத் திரும்பத் தள்ளி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தாள் வைப்பதற்குள் மெஷ்ஷில் மை காய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இது நிஜமாகவே நிமிடக் கணக்கு. மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேருங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், நிழல் ஸ்க்ரீனை விடிகாலையிலேயே முடித்துவிடுங்கள். வேர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

முதல் இரண்டு மூன்று இழுப்பு செய்தித்தாளில். நிழலில் ஒரு பக்கம் வெளுத்து வந்தால் அழுத்தம் சமமில்லை. புள்ளிகள் ஒன்றாகக் கலந்தால் மை அதிகம் அல்லது இடைவெளி குறைவு. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெள்ளைப் பொட்டு விழுந்தால் அங்கே மை காய்ந்திருக்கிறது, ஈரத் துணியால் அடியிலிருந்து ஒற்றி எடுங்கள்.

நீலப் பட்டை முடிந்ததும் ஒருநாள் நிறுத்துங்கள். இப்போது தாளில் முகமே கிடையாது, பழுப்பும் கட்டமும்தான். இந்த நிலையில் தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்த்தால், எந்தத் தாளில் பட்டைகள் சற்று விலகி விழுந்திருக்கின்றன என்று தெரியும். அவற்றைக் கழிக்க அவசரப்படாதீர்கள். பட்டை 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்துக்கு நஷ்டமில்லை, சில சமயம் அந்தப் பிரதிதான் தொகுப்பிலேயே சிறந்ததாக வரும். நிழலும் ஒளியும் மட்டும் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது. கண்ணின் ஒளிப்புள்ளி கருவிழியை விட்டு நகர்ந்தால் ஆள் மாறுகண் ஆகிவிடுவார். கறாராக இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் தாராளமாக இருங்கள்.

நிழல் விழுந்த பிறகு ஒளி ஸ்க்ரீனைப் போடாமலேயே படம் போதும் என்று தோன்றலாம். இரண்டு தாளை அப்படியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றில் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிறகு முடிவெடுக்கலாம்.

அச்சுக்குப் பிறகு

மையை ஸ்க்ரீனில் காயவிடாமல் உடனே கழுவுங்கள், காய்ந்த அக்ரிலிக் மெஷ்ஷை விட்டு வராது. எமல்ஷனை எடுக்கக் கடையில் ஸ்ட்ரிப்பர் என்று கேட்டால் தருவார்கள், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரதிகளின் அடியில் பென்சிலால் இடது பக்கம் எண், வலது பக்கம் கையெழுத்து: 3/15 என்றால் பதினைந்தில் மூன்றாவது. படத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் பிரதி இந்தக் கணக்கில் சேராமல் தனியாக இருக்கட்டும்.

ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி அச்சைத் தொடாதபடி மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் சாதாரண ஹார்ட்போர்டுக்குப் பதில் அமிலமில்லாத அட்டை கேளுங்கள், கொஞ்சம் விலை கூடும். வெளிச்சுவரில், அதாவது மழைத் தண்ணீர் ஓதம் ஏறும் சுவரில், மாட்ட வேண்டாம். மாட்டாமல் வைக்கும் பிரதிகளுக்கு நடுவே ஒவ்வொரு பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாக, தரையில் படாமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.